எட்டாம் நிறம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒளிக்கு ராசி எண் பார்த்துக் கொடுத்த நெட்வொர்க் பிளானிங் எஞ்சினியர் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.

1. கேட்டவருக்குக் கேட்ட எண்

ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம், சிங்கப்பெருமாள் கோவில், மறுபடி ஸ்ரீபெரும்புதூர். ஆலைகளின் தகவலைச் சுமக்கும் எங்கள் ஃபைபர் கேபிள் இப்படி ஒரு ரிங்காகச் சுற்றி வருகிறது. ஒரே இழையில் பல நிற ஒளிகள் ஓடும். ஆலைக்கு ஒரு நிறம். அதைத்தான் அலைநீளம் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத நிறங்கள், ஆகவே எண் போட்டு அழைப்போம். ஒரு விதி உண்டு: எங்கள் ரிங்கில் நடுவழியில் நிறம் மாற முடியாது. ஐந்தில் கிளம்பினால் ஐந்திலேயே போய்ச் சேர வேண்டும்.

காலியாக இருக்கும் முதல் எண்ணைக் கொடுத்துக்கொண்டே போவதுதான் முறை. நானோ வாடிக்கையாளரைக் குஷிப்படுத்தக் கிளம்பினேன். வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்யும் ஆலையின் ஐ.டி. மேனேஜர் நடராஜன் சார் சொன்னார்:

"ஒம்போது குடுத்துடுங்க சார். எட்டு மட்டும் என் பிளாண்ட் பக்கமே வரக்கூடாது."

எட்டை எல்லோருமே வேண்டாம் என்றார்கள். வந்து பார்க்கும் வாடிக்கையாளர் மனம் நோகக்கூடாதே என்று என் ஸ்கிரீனில் எட்டையே மறைத்துவைத்தேன். ஏழுக்கு அப்புறம் ஒன்பது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2. ஜேசிபி வந்த காலை

ஷிஃப்ட் ஏறும் நேரம். வல்லம் வடகாலுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே கால்வாய் தோண்டிய ஜேசிபி எங்கள் கேபிளை வாரி எடுத்துவிட்டது. அடுத்து எந்தப் பாகம் செய்ய வேண்டும் என்று நடராஜன் சாரின் ஆலைக்குச் சொல்கிற சர்வர் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. லைன் நின்றது.

"சார், காண்ட்ராக்ட் பசங்க மெஷின் முன்னாடி சும்மா நிக்கிறாங்க. அரை மணில லிங்க் வரலன்னா ஷிஃப்ட் கேன்சல். அவங்களுக்கு இன்னிக்குக் கூலி கிடையாது."

"கவலையே படாதீங்க. ரிங்கச் சுத்தி அந்தப் பக்கமா விட்டுடறேன். எல்லா இடத்துலயும் காலி இருக்கு."

போனை வைத்துவிட்டு ஸ்கிரீனைப் பார்த்தேன். வல்லம் வடகாலிலிருந்து ஒரகடம்வரை மூன்றும் ஐந்தும் காலி. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில்வரை ஐந்தும் பதினொன்றும். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர்வரை பதினொன்றும் மூன்றும். ஒவ்வொரு துண்டிலும் இடம் இருக்கிறது. முழு வழிக்கும் பொதுவாக ஓர் எண் இல்லை! ஆசைப்பட்ட எண்ணையெல்லாம் அள்ளி இறைத்து, ரிங்கை நானே கந்தலாக்கி வைத்திருந்தேன். என் மண்டையைப் போலவே எங்கும் காலி, எதற்கும் பயனில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் கருவிகள் இருக்கும் நோடில் மீட்டரோடு நின்ற டெக்னீஷியன் கலா போனில் கூப்பிட்டாள். வடக்குப்பட்டுக்காரி.

"இன்னா சார், பேச்சு மூச்சே காணோம்?"

"செத்தேம்மா. மூணு பக்கமும் ஒரே நம்பர் காலியா இல்ல."

"இங்க ஒண்ணு வெறும்னே கீதே சார். எட்டு."

"எட்டு நம்மகிட்ட கிடையாதே!" சத்தியமாக, இப்படித்தான் சொன்னேன்.

"உங்க ஸ்கிரீன்ல இல்லன்னா ஃபைபர்ல இல்லாம பூடுமா?"

மறைத்ததைத் திறந்தேன். ரிங் முழுக்க, யார் கையும் படாமல், எட்டு காலியாகக் கிடந்தது. இரண்டு முனை லேசரையும் மேசையில் இருந்தபடியே ஒன்பதிலிருந்து எட்டுக்கு மாற்றினேன். அலாரம் அடங்கியது. சற்று நேரத்தில் நடராஜன் சார் போனில், லைன் மறுபடி ஓடத் தொடங்கும் பஸ்ஸர் கேட்டது. காண்ட்ராக்ட் பையன்கள் யாரையும் வேலையில்லை என்று ரூமுக்குத் திருப்பி அனுப்பவில்லை.

நான் போட்ட திட்டம் கைவிட்டது. என் மடத்தனம் காப்பாற்றியது. எட்டையும் யாராவது ஆசையாகக் கேட்டிருந்தால்? இப்போதெல்லாம் காலியான முதல் எண்ணையே கொடுக்கிறேன். யாரையும் கேட்பதில்லை. எந்த எண்ணையும் மறைப்பதுமில்லை.

சாயங்காலம் கேபிளை ஒட்டி முடித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நடராஜன் சாருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்: "சார், மன்னிக்கணும். காலையிலேர்ந்து உங்க லைன் எட்டுலதான் ஓடுது. ஒம்போதுக்கே மாத்திடட்டுமா? கொஞ்ச நேரம் லிங்க் நிக்கும்."

உடனே பதில் வந்தது:

"எட்டுல கைய வெச்சீங்க, அவ்ளோதான்."