பிணந்தின்னிமேல் விழுந்த பழி

“என்னடா, இன்னிக்காவது மூஞ்சியக் காட்டுவியா?”

கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூஞ்சைகளை ஆராய்வதால் ஊர் அந்தப் பெயர் வைத்த பூஞ்சையம்மா, உள்ளே இருப்பவனை விசாரிக்கிறார். உள்ளே வெள்ளையாய், பஞ்சு மாதிரி ஒரு படலம். பூஞ்சையின் இனம் அதன் வித்தில்தான் தெரியும். வித்து விடாதவரை எல்லாமே வெறும் பஞ்சுதான். சிலவற்றின் வித்துக்கு அலையில் மிதக்க வால் உண்டு, சிலது படகு வடிவம். வித்தைப் பார்த்துவிட்டால் போதும், குடும்பம், பங்காளி, ஒன்றுவிட்ட உறவு வரை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

“ரொட்டியில பூத்துட்டா ஊரே தூக்கிப் போடும். இவ மட்டும் குலம் கோத்திரம் கேப்பா” என்பார் கணவர். கடிகாரம் பழுதுபார்க்கிறவர். அவருடைய பூதக்கண்ணாடி காணாமல் போனால் இவர் கைப்பையில்தான் இருக்கும்.

கழிமுகத்து அலையாத்தி மரங்கள் பட்டை வெடித்துச் சாகத் தொடங்கியபோது, காய்ந்த கிளையெல்லாம் ஒரு பூஞ்சை கறுப்புப் புள்ளியாய் அப்பியிருந்தது. மரத்தைக் கொல்வது இதுதான் என்று கைகாட்டினார் பூஞ்சையம்மா. மேலைக்கரையில் ஒரு கிளையில் அது தெரிந்தாலும் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள், வனத்துறைக்காரர்கள். பிறகுதான் தெரிந்தது: பாவம், அது செத்ததைத் தின்று பிழைக்கிற வெறும் பிணந்தின்னி. கொன்றவன் வேறு எவனோ. அவன் சாவகாசமாகக் கீழைக்கரைக்குப் போய்விட்டான். பிழைத்திருக்கக்கூடிய மரங்கள்தான் அநியாயமாகப் போயின.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. கீழைக்கரையிலும் வெட்டலாமா என்று கேட்டு வனத்துறை ஆள் மறுபடி வந்து போகிறார். காலடிச் சத்தம் கேட்டாலே பூஞ்சையம்மா தட்டின்மேல் குனிந்துகொள்கிறார்.

இப்போது சந்தேகமெல்லாம், சாகிற மரத்தின் பட்டைக்கு அடியிலிருந்து எடுத்த இந்த வெள்ளைப் பஞ்சுமேல்தான். முகம் காட்டாதவனைப் பிடிக்க ஒரே வழி: நோயில்லாத அலையாத்திக் கன்றைக் கீறி, அதற்குள் இவனை வைத்துப் பார்ப்பது. கன்று செத்தால் கொன்றவன் இவன்தான். ஜன்னல் மேடையில் உப்புத் தண்ணீர் ஊற்றி அவர் வளர்த்த கன்றுகளில், நோய் விட்டுவைத்தது இரண்டு. ஒன்றுக்குக் கீறலும் பூஞ்சையும். ஒப்பிட்டுப் பார்க்க மற்றதற்குக் கீறல் மட்டும். புதுக் கன்று எடுக்கலாமென்றால், காய்க்கிற மரம் எதுவும் இப்போது மிச்சமில்லை; நிற்பவையும் நோயில் காய்ப்பதை நிறுத்திவிட்டன.

“ரெண்டையும் கரையில நட்டுடேன்” என்றார் கணவர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி.

“நட்டா அதே சேத்துல அதே சாவுதாங்க.”

“கண்டுபிடிச்சா மட்டும்? மருந்து இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கும்மா இந்தப் பாடு?”

“இந்தத் தடவையும் சரியாத் தெரியாமலே எவனையாவது கைகாட்டச் சொல்றீங்களா?”

கணவர் டப்பாவை மூடி வைத்தார்.

கத்தியைத் தீயில் காட்டி ஆறவிட்டார் பூஞ்சையம்மா. இரண்டில் உயரமாக இருந்த கன்றின் தண்டை, ஊசி போடுமுன் குழந்தையின் கையைத் துடைப்பதுபோல ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். கீறினார். பட்டைக்கு அடியில் ஈரப் பச்சை தெரிந்தது. சட்டென்று குனிந்து, கீறலை ஊதிவிட வாயைக் குவித்தார். மூச்சுப் பட்டால் வேறு பூஞ்சை கலந்துவிடும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.