அண்ணனின் சுடாத கை

தாழக்குடியில் எனக்கு இரண்டு வருஷம் முந்திப் பிறந்தவர் எங்கள் அண்ணன். அந்த இரண்டு வருஷத்தை நான் கடைசிவரை எட்டிப் பிடிக்கவில்லை. அப்பா காலமானதும் பதினாறு வயதில் ஏர் பிடித்து, தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, என்னையும் கல்லூரிவரை படிக்கவைத்தார். படித்தவன் நான், பேர் எடுத்தவர் அவர். படித்த புத்தகம் எதிலும் அந்தப் பொறாமைக்கு மருந்து இல்லை.

பெரிய பேர் பந்தியில்தான். கொதிக்கும் பாயசப் போணியைத் துணியில்லாமல் தூக்கிவந்து விளம்புவார். பிள்ளைவாளுக்கு இரும்புக் கை என்று சமையல்காரர் ஊரெல்லாம் சொன்னார். நானும் ஒருமுறை வெறுங்கையால் பிடித்தேன். பாயசம் சம்பந்தியின் வேட்டிக்குப் போயிற்று.

1948-ல் தங்கை மகள் கல்யாணம். அண்ணன் கையில் எதையோ பூசிக்கொள்கிறார் என்று எனக்குச் சந்தேகம். கை கழுவும் இடத்துக்கு அவர் பின்னாலேயே போய்க் கையைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சு இல்லை. சுண்டுவிரலடியில் ஒரு கொப்புளம் உடைந்து கிடந்தது. முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு தேமல்.

"இது எப்பம்லே வந்து?" என்று என்னிடமே கேட்டார்.

"வலிக்கல்லியா அண்ணே?"

"இல்லலே. அந்த ரெண்டு வெரலு கொஞ்ச நாளா மரத்துல்லா கெடக்கு."

நல்ல தம்பியென்றால் அன்றே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற்றியிருப்பான். இரும்புக் கை வெறும் மரத்த கைதான் என்று தெரிந்ததில் எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. பத்து மாதம் வாய் திறக்கவில்லை. அதற்குள் இரண்டு விரலும் மடங்கிவிட்டன.

அண்ணன் மனைவி, எங்கள் மதினிதான் அதைக் கண்டு எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டர் தேமலைப் பஞ்சால் தொட்டார். கண்ணை மூடியிருந்த அண்ணனுக்குத் தொட்டதே தெரியவில்லை. தொழுநோய், நரம்பைப் பிடித்திருக்கிறது என்றார். மாத்திரையில் நோய் குணமாகும், மடங்கின விரல் நிமிராது, மரத்த உடனே வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்றார். வரும் வழியில் என் பத்து மாதத்தை அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன்.

"எனக்குந்தாம்லே தெரியும். இரும்புக் கைன்னு அத்தன பேரு சொல்லும்ப, மரத்துப் போச்சுன்னு எப்பிடிலே சொல்ல?"

குற்றத்தில்கூட முழுப்பங்கை எனக்கு விடவில்லை.

ஒரு நாள் தவறாமல் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். தள்ளி உட்கார்ந்த சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த வருஷம் வந்த மார்ச்சளிக் காய்ச்சல் மூன்றே நாளில் அவரைக் கொண்டுபோயிற்று.

நோயின் பெயரை இந்த நன்றிக் கடிதத்தில் அச்சில் போடச் சொன்னவர் மதினி. கை கால் மரத்துக் கிடந்தால், சுட்டது தெரியாமல் கொப்புளம் கண்டால், தேமலில் தொட்டது தெரியாவிட்டால், தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு பக்கம் மரத்து வாய் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவன் நான். சுடுகாட்டில் திரும்பிப் பார்த்தேன். வயல் வரப்பெல்லாம் ஆட்கள். எனக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று அப்போதும் தோன்றியது. அப்படித் தோன்றும் அளவுக்குத் திரண்டு வந்த உங்கள் எல்லோருக்கும், மதினி சார்பிலும் என் சார்பிலும் நன்றி.