ஐந்து பேரும் இரண்டு அரிசி மூட்டையும்

என் மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு பல்சக்கரத்தை வைத்திருக்கிறேன். இன்னும் புதிதுபோல மின்னுகிறது. விற்பனைக்குப் போன எந்தக் காரிலும் அது ஏறவில்லை. ஏறவிடாமல் தடுத்தவர் எங்கள் மேடம்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் கியர்பாக்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் பிரிவுத் தலைவர். நான் அவருக்குக் கீழே வண்டிகளை ஓட்டிச் சோதிப்பவன். ஒரு சிறிய குடும்பக் காருக்கு அப்போது கியர் அமைத்துக்கொண்டிருந்தோம். ஆர்டர் கொடுத்த கார் கம்பெனிக்கு வேண்டியதெல்லாம் மைலேஜ். அதற்குச் சுலபமான வழி, எல்லாக் கியருக்கும் பொதுவான கடைசிச் சக்கரத்தில் பற்களைக் குறைப்பது. அதே தூரத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும், பெட்ரோல் மிஞ்சும். ஆனால் இழுவையும் குறையும். கிளம்பும்போது வண்டி திணறும்.

அந்தச் சக்கரத்தைப் போட்டு, விடியற்காலையில் காலியான ஜி.எஸ்.டி. சாலையில், ஏ.சி.யை அணைத்துவிட்டு, தன்னந்தனியாக ஓட்டி அபார மைலேஜ் காட்டிய மகானுபாவன் நான்தான். மேடம் கையெழுத்துப் போட்டால் போதும், அவருக்குப் பதவி உயர்வு நிச்சயம். அறிக்கையைப் படித்துவிட்டு, "உங்க கார்ல கடைசியா எப்ப சார் தனியா போனீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மாலை என்னையும் சக ஊழியர் இருவரையும் கேன்டீன் அண்ணனையும் அந்தக் காரில் ஏற்றினார். டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை. ஏ.சி. முழுவீச்சில். அவரே ஓட்டினார். பெருங்களத்தூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசல், நின்றோம். முன்வண்டி நகர்ந்ததும் கிளம்பப் பார்த்தார், எஞ்சின் அணைந்தது. மறுபடியும் அணைந்தது. மூன்றாம் முறை கார் பின்னோக்கிச் சரிய, பின்னாலிருந்த பேருந்து ஹாரனை அலறவிட்டது.

"இன்னா மேடம், வண்டி பின்னாடி போய்கினு கீது! நா எறங்கித் தள்ளட்டா?" என்றார் கேன்டீன் அண்ணன்.

நாங்கள் சிரித்துவிட்டோம். மேடம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி, "குடும்பத்தோட திருநீர்மலைக்குப் போறவங்க இப்படித்தான் நிக்கணுமா?" என்றார்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. மேம்பாலத்தில் நடந்ததை அப்படியே எழுதி, கீழ்க் கியர்களின் இழுவையைத் தொடாமல் ஐந்தாம் கியரை மட்டும் மாற்றலாம் என்று குறிப்பு வைத்தார். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது அவ்வளவு இழுவை வேண்டாம், பெட்ரோலை அங்கே மிச்சப்படுத்தலாம். ஆனால் நான் காட்டிய மைலேஜ் வராது, வேலையும் பல மாதம் தள்ளிப்போகும். நிர்வாகம் கொதித்துப்போய், திட்டத்தை இன்னொருவரிடம் கொடுத்தது. அந்தக் குறிப்பு கோப்பில் இருக்கும்போது அவராலும் துணிந்து கையெழுத்துப் போட முடியவில்லை. மேடம் சொன்னபடியேதான் கியர் செய்தார்கள். காரின் அறிமுக விழாவில் மேடத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. பழைய சக்கரத்தை அவர்தான் என்னிடம் கொடுத்தார். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதாச்சே, வச்சுக்குங்க."

இப்போது என்னிடம் இருப்பதும் அந்த மாடல் கார்தான். போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்குக் குடும்பத்தோடு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனோம். நல்ல மழை. அதே மேம்பாலத்தில் நெரிசல், பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பேருந்து. முன்வண்டி நகர்ந்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன். கார் சிணுங்காமல் ஏறியது. பின்சீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிய பேச்சு ஒரு சொல்கூடத் தடைப்படவில்லை.

வீடு திரும்பியதும் பல்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடத்துக்குப் போன் செய்து, விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை பேர் சார் இருந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.