பதினோரு பாட்டில் மணிபிளான்ட்

நான் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். தேங்கிய தண்ணீருக்காக அரியலூர் முழுக்க நோட்டீஸ் கொடுத்தவன்.

மகள் கல்யாணமாகிப் போனதும் என் மனைவி சுருண்டு படுத்துவிட்டாள். பாட்டில்களில் மணிபிளான்ட் வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்து நடமாடினாள். இலைகளில் படியும் சிமெண்ட் தூசியைத் துடைத்தபடி அவற்றோடு பேசுவாள். ‘கொசு உற்பத்தி நிலையம்’ என்று நான் கிண்டல் செய்வேன். ஒருநாள் அவள் கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போயிருந்தபோது, பதினோரு பாட்டில்களையும் கவிழ்த்து, கொடிகளைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

திரும்பி வந்தவள் சண்டை போடவில்லை. மறுபடியும் படுத்துவிட்டாள். நான்கு நாட்கள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை.

ஐந்தாம் நாள் கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த பெண்ணிடம், பாட்டில்களைக் கவிழ்த்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

“வாரம் ஒருக்கா தண்ணிய மாத்துனா போதுமே சார்? நீங்கதான எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: “அதெல்லாம் அவருக்கு நல்லாத் தெரியும்மா.”

தெரியும்தான். என்னிடம் பேசாததையெல்லாம் செடியிடம் பேசுகிறாளே என்ற எரிச்சலுக்கு விதிமுறையைத் துணைக்கு அழைத்திருந்தேன். வெட்கத்தோடு அந்தப் பெண்ணிடமே, அவர் வீட்டுச் செடியிலிருந்து ஒரு கொடி கேட்டு வாங்கினேன்.

இப்போது வெள்ளிதோறும் தண்ணீர் மாற்றுவது நான். மனைவி பின்னாலேயே வந்து ஆய்வு செய்கிறாள்: “தூசி அப்படியே இருக்கு, ஒழுங்காத் தொடைங்க.”