உதட்டுப் பேச்சு

விசைத்தறிக் கூடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தறிகள் போடும் இரைச்சலில் இடியே விழுந்தாலும் கேட்காது. உதட்டை அசைத்தால் போதும். எதிர்த் தறியில் நிற்பவருக்குப் புரிந்துவிடும். 'கட்டிக்கிறியா' என்று எதிர்த் தறியில் நின்ற அவளிடம் அவள் வீட்டுக்காரர் அன்று கேட்டதும் அப்படித்தான், மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால். அவளும் உதட்டாலேயே நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் சம்மதித்தாள்.

மகள் பிறந்த பிறகு அவள் துணி மடிக்கும் பகுதிக்கு மாறினாள், காது தப்பியது. அவர் தறியிலேயே கிடந்தார். இப்போது பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பமாட்டார். "டமாரச் செவிடு" என்று அவள் கேலி செய்தால், உதட்டைப் பார்த்துவிட்டு அவரும் சிரிப்பார். எதிரே முகம் இருக்கும்வரை அவருக்குக் காது கேட்காது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

போன மாதம் எச்சரிக்கை மணி காதில் விழாமல் ஒருவன் கையைப் பறிகொடுத்தான். உடனே எல்லோருக்கும் காதுப் பரிசோதனை. தேறாதவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தறிக்குக் காதைக் கொடுத்தவரிடமே காது எங்கே என்று கேட்கும் அநியாயம்!

"எனக்கு வேற என்னடி தெரியும்? வீட்ல உக்கார வச்சா செத்துருவேன்" என்று அவர் விம்மினார்.

அவள் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "டாக்டர் சொல்றத நான் கதவுகிட்ட நின்னு உதட்டுல சொல்றேன். நான் என்ன சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லுங்க. யோசிக்கவே யோசிக்காதீங்க."

மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவளாக, பரிசோதனை அறை வாசலில் ஒட்டிக்கொண்டாள். டாக்டர், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரரின் முதுகுப்பக்கம் நின்று, கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னார்.

"வண்டி."

அவள் உதடு அசைந்தது. "வண்டி" என்றார் வீட்டுக்காரர்.

"சாவி."

"சாவி."

"மழை."

"மழை."

பாவி மனுஷன் ஒன்றில்கூடப் பிசகவில்லை.

டாக்டர் தலையாட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார். அவ்வளவுதான், முடிந்தது. அத்தனை நாள் நெஞ்சுக்குள் அடைத்துக் கிடந்தது அவளை அறியாமலே உதட்டுக்கு வந்துவிட்டது. தறிக்காரியின் பழக்கதோஷம்.

"பொழச்சோம்" என்றார் வீட்டுக்காரர், கணீரென்று.

டாக்டரின் பேனா நின்றது. தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏன் பொத்துகிறாள் என்று விளங்காமல், அடுத்த சொல்லுக்காக வீட்டுக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.