மல்லாட்டை வறுப்பதுபோல் காப்பிக்கொட்டை வறுத்தேன்

பின்லாந்தில் காப்பி என்று தருவதை முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ டீயில் பால் ஊற்ற மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஊற்றினால் கோப்பையின் அடிப்பாகம் தெரிகிறது. குடித்தால் புளிக்கிறது. இதைப் பெரிய கோப்பை நிறைய ஊற்றிக்கொண்டு, தீர்ந்ததும் இன்னொன்று ஊற்றிக்கொண்டு, நாளெல்லாம் குடிக்கிறார்கள். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் மருந்து நேரம் தள்ளிப்போனாலும் போகும், ‘காஹ்வி’ எனும் காப்பி நேரம் தள்ளிப்போகாது. இத்தனை காப்பிப் பைத்தியங்கள் வாழும் நாட்டுக்கு வந்து, ஒரு வாய்க் காப்பிக்கு ஏங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து அப்பா கூப்பிட்டு, “காப்பி குடிச்சியா?” என்று கேட்டார். எல்லா அப்பாக்களும் கேட்கிற கேள்விதான். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அன்றைக்கே அவர் முடிவு கட்டிவிட்டார், பொண்ணு அங்கே நன்றாக இல்லை என்று. அம்மா போனபிறகு முதுநகர் வீட்டில் தனியாக இருப்பவர். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆனால் காப்பியில் சர்க்கரை சேர்க்கமாட்டார். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அதே கேள்வி கேட்பார். “குடிச்சேன்ப்பா” என்பேன். என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். “சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ் வேல காலியா இருக்குதாம், மாமா சொல்றாரு. நீ வந்துடு கண்ணு” என்று முடிப்பார். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அப்பா சொல்வதைவிட மாமா வேகமாக வேலை பார்ப்பார் என்பதால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஊரிலிருந்து கொண்டுபோகும் தூள் கொஞ்ச நாளில் வாசனை போய் மரத்தூள் ஆகிவிடும். அப்படியானால் நாமே வறுத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. ஹெல்சிங்கியில் ஒரு கடை பச்சைக் காப்பிக்கொட்டையைத் தபாலில் அனுப்புகிறது. பார்சலைப் பிரித்தால் நம் ஊர்க் கொட்டை! சிக்மகளூரிலிருந்து எனக்கு முன்னாலேயே அங்கே குடியேறியிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் காப்பிக்கொட்டை வறுத்ததில்லை. கடையில் கண்ணெதிரே அரைத்து, சிக்கரி கலந்து, சுடச்சுடப் பொட்டலம் கட்டித் தருவார்கள், வாங்கி வருவோம். எனக்கு வறுக்கத் தெரிந்த ஒரே கொட்டை மல்லாட்டை, மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே, அது. எங்கள் பக்கத்தில் அதை வறுக்கத் தெரியாதவர் கிடையாது. மணலைச் சூடாக்கி, கொட்டையைப் போட்டுக் கிளறி, படபடவென்று வெடித்ததும் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மணலுக்குப் பதில் இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டேன். பச்சைக் கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, படபடவென்று வெடித்தது. எனக்கு ஒரே குஷி. சட்டென்று இறக்கிவிட்டேன். அதற்குள் வீடு முழுக்கப் புகை. கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறியது. பக்கத்து வீட்டுப் பேருந்து ஓட்டுநர் பெக்கா வெறுங்காலோடு ஓடிவந்து நின்றார். வந்தவரைச் சும்மா அனுப்பலாமா? உப்பைச் சலித்து, கொட்டையை அரைத்து, காப்பி போட்டுக் கொடுத்தேன். நான் ஒரு வாய் குடித்தேன். புளிப்பு, அதோடு உப்பும் கரித்தது. பெக்காவோ கண்ணை மூடிக் குடித்துவிட்டு, “ரொம்ப நல்ல காப்பி. வடக்கே எங்கள் ஊரில்கூட ஒரு சிட்டிகை உப்பு போடுவார்கள்” என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இத்தனை பாடுபட்டு நான் போட்டது அவர்கள் காப்பி!

இதற்கே மயங்கினால் எப்படி, எங்கள் காப்பியில் இதுவும் சேரும் என்று சிக்கரி டப்பாவை எடுத்துப் பெருமையாகக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் என் கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே காப்பித்தூள் பாக்கெட். கூட வேலை பார்க்கும் பெண்தான் விளக்கினாள். போர்க்காலத்தில் காப்பி கிடைக்காமல் சிக்கரியைக் காய்ச்சிக் குடித்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். கொட்டையைச் சட்டியில் வறுத்து, சிக்கரியும் சேர்க்கிறாள் என்றால் பாவம், வழியில்லாதவள். நான் ஓடிப்போய், “எனக்குச் சம்பளம் வருகிறது, இது எங்கள் ருசி” என்று விளக்கினேன். “புரிகிறது, புரிகிறது” என்றார் பெக்கா. அடுத்த வாரம் இன்னொரு பாக்கெட் தொங்கியது.

விடுவேனா நான்? உப்பைத் தூக்கிப் போட்டேன். ஜன்னல்களைத் திறந்து வைத்து, குளிரில் ஸ்வெட்டரோடு அடுப்படியில் நின்றேன். மல்லாட்டைக்கு ஒரு வெடிப்பு போதும், காப்பிக்குப் போதாது. முதல் வெடிப்பு அடங்கும், கொட்டை கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு காய்ந்த சுள்ளி முறிவதுபோல் மெல்லிய சத்தம் கேட்கும். அந்த இரண்டாவது சத்தத்தில் இறக்கவேண்டும்! பீபரி எனும் உருண்டைக் கொட்டையைத் தனியாக, மற்றதைத் தனியாக வறுத்து, ஆறவிட்டு, டப்பாவில் கலந்து வைத்தேன். மறுநாள் மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். இதை அப்பா குடிக்கவேண்டும். குடித்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று நம்புவார். அந்த வெறியோடு ஊருக்குக் கிளம்பினேன்.

விமான நிலையத்திலிருந்து வந்த மறுநாளே அப்பா என்னைச் சிதம்பரத்துக்கு, மேல வீதிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரரைப் பார்க்க மாமா ஏற்பாடு செய்திருந்தார். பெட்டியைத் திறந்து, நானே வறுத்தது என்று கொட்டை டப்பாவை எடுத்தேன். சாக்லேட்டை எதிர்பார்த்து எட்டிப்பார்த்த மாமா சிரித்துவிட்டார்.

“ஏம்மா ஸ்டெல்லா, சிதம்பரத்துக்கே காப்பிக்கொட்டய தூக்கினு வந்துட்டியா? அந்த ஊர்ல தூள் வாங்கக்கூட வழியில்லாம கையில வறுக்குறியா?”

“பாத்தீங்களாப்பா, அவ அங்க கஷ்டப்படுறா” என்றாள் அக்கா. பெக்காவுக்குச் சொன்னதையே நான் இங்கேயும் சொல்லவேண்டியிருந்தது. அவரைப்போலவே இவர்களும் நம்பவில்லை.

அக்காவின் மிக்சியில் அரைத்து, சிக்கரி சேர்த்து, பித்தளை ஃபில்டரில் இறக்கினேன். அப்பா டம்ளரை வாங்கி, ஆற்றாமல், ஒரு வாய் குடித்தார். முழுவதையும் குடித்தார். டம்ளரை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து.”

இரண்டாவது டம்ளரும் முடிந்தபிறகு கேட்டார்: “இத நீயே நின்னு வறுத்தியா?”

“ஆமாம்ப்பா. கருகாம எறக்கறதுக்கே ஒரு குளிர்காலம் ஆயிடுச்சி.”

“அழுதுனு இருக்கறவளுக்கு இவ்ளோ பொறும வராது” என்றவர் மாமா பக்கம் திரும்பினார். “மாப்ள, அவுங்க கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. பொண்ணு அங்க நல்லாத்தான் இருக்குது.”

ஜெயித்துவிட்டேன். குதிக்கவேண்டும்போல் இருந்தது. ஆனால் ‘வந்துடு’ என்று கூப்பிட இனி ஊரில் ஆள் இல்லை என்பதும் அதே நொடியில் உறைத்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் நான் வறுக்கும்போது அப்பாவும் உண்டு. சட்டிக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிடுவேன். வாசனை போகாது, சத்தம் போகும். முதல் வெடிப்பு கேட்டதும், “எறக்காத, எறக்காத, அது மல்லாட்டைக்கு” என்று கடலூரிலிருந்து கத்துவார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெக்கா, “போதும், எடுத்துவிடு, கருக்காதே” என்று கை காட்டுவார். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, ஆனால் சண்டை புரியும். நான் பாதியை முதல் வெடிப்பில் வழித்தெடுத்துவிடுவேன், மீதியை இரண்டாவது வரை விடுவேன். பெக்காவுக்கு வெளிறியதில் ஒரு பொட்டலம், ஊருக்குப் போகும்போது அப்பாவுக்குக் கறுத்ததில் ஒரு பொட்டலம். எனக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் இரண்டையும் கொட்டிக் குலுக்குகிறேன். எத்தனை குலுக்கினாலும் மூடியைத் திறந்தால் எது எந்தக் கொட்டை என்று தெரிகிறது. அரைத்தபிறகுதான் தெரிவதில்லை.