மஞ்சள் பக்கத்தில் சிரித்த பல் டாக்டர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படியிருந்தும் பேருந்து நிலையத்துக்கு எதிரே, சொந்த உழைப்பில் ஒரு டைப்பிங், பிரிண்டிங் கடை வைத்தேன். இதை எழுதுவது என் வீட்டுக்காரியைப் பற்றித்தான். ஆனாலும் கடை யாருடையது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அவள் ஐம்பது வயதுக்கு மேல் மவுஸைப் பிடித்தவள். போட்டோவில் ஆளை மட்டும் விட்டுவிட்டு, பின்னாலிருக்கும் சுவர், கொடிக்கயிறு, காயும் துணி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில், கடிதம் டைப் அடிக்கும் வேர்டிலேயே எடுத்துவிடுவாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அவளுக்கு வைத்த பெயர் ‘சுவர் திருடி’.

எங்கள் மகனுக்கு மட்டும் திருப்தி இல்லை.

“படிச்ச ஆபரேட்டரா ஒருத்தரைப் போடலாம்ப்பா. அம்மா வீட்ல நிம்மதியா இருக்கட்டும்.”

“நிம்மதி வேணும்னு உன்கிட்ட மனு போட்டேனாடா?” என்றாள் அவள். “புதுசா வர்ற பல் டாக்டரோட நோட்டீஸை நான் பண்றேன். சொதப்பினா நானே இந்த நாற்காலியை விட்டு எழுந்துக்கறேன்.”

டாக்டர் கொடுத்த போட்டோவில் வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோட்டு, வாய் நிறையச் சிரிப்பு. சுவரை எடுத்தாள். பக்கத்தின் நடுவில் மனிதர் ஜம்மென்று நின்றார். சரிபார்க்க வந்த டாக்டருக்கும் பிடித்துவிட்டது.

“பிரமாதம்மா. ஆனா பக்கம் வெள்ளையா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. மஞ்சள் கலர் போட்டுடுங்க.”

“அது ஆஸ்பத்திரிதானே சார்?” என்றேன்.

“அதைச் சொன்னா யாரும் வர மாட்டாங்க ஐயா!”

அவள் பக்கத்தை மஞ்சளாக்கினாள். டாக்டரின் கோட்டு மஞ்சளானது. கண் மஞ்சளானது. பல் வரிசை முழுக்கப் பளீரென்ற மஞ்சள்! கம்ப்யூட்டருக்குச் சுவர் எது, பல் எது என்று தெரியவில்லை. வெளுப்பாய் இருந்ததையெல்லாம் சேர்த்து எடுத்துவிட்டது. அந்த ஓட்டைகள் வழியே தெரிந்த வெள்ளைப் பக்கத்தைத்தான் நாங்கள் பல் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மகன் தொண்டையைக் கனைத்தான். எனக்கு வியர்த்தது, கடையின் மேசை மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றும்.

“சுவரோட சேர்த்து என் பல்லையும் பிடுங்கிட்டீங்களேம்மா!” என்றார் டாக்டர்.

“வலிச்சுதா சார்?” என்றாள் இவள்.

மனிதர் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அப்படியே சிரிச்சுட்டே இருங்க சார், பார்த்துப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன்” என்றாள்.

எதை விட்டுவைக்க வேண்டும் என்று காட்டும் வேர்டின் பென்சில் குறியை மவுஸால் எடுத்து, திரையில் ஒவ்வொரு பல்லாகக் கோடு போட்டாள். கடைவாய்ப் பக்கம் சந்தேகம் வந்தது.

“இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க.”

“ஊர் வாயைப் பார்க்க வந்தவன்மா நான்!” என்று சொல்லிக்கொண்டே திறந்தார்.

பல் வெளுத்தது, கண் வெளுத்தது, கோட்டும் வந்து சேர்ந்தது.

“சொதப்பினா எழுந்துக்கறேன்னு சொன்னியேம்மா?” என்றான் மகன்.

“எழுந்துக்கறேன். சார் ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

“ஐயோ, இன்னும் விசிட்டிங் கார்டு இருக்கு, போர்டு இருக்கு. அம்மா எழுந்தா என் பல்லுக்கு யார் பொறுப்பு?”

மகன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

இப்போதெல்லாம் எந்தப் படம் வந்தாலும், முதலில் பக்கத்தைக் கண்ணைக் குத்தும் சிவப்பாக்கிவிட்டுத்தான் சுவரில் கை வைக்கிறாள். பல்லோ சட்டையோ காணாமல் போனால் அந்தச் சிவப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதை அவளே கண்டுபிடித்ததாகச் சொல்கிறாள். இருக்கட்டும். அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி நான் வாங்கிப் போட்டது.